தனபாக்கியத்தின் நிகர்

முதல் கேள்வியைக் கேட்டதுமே தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

“புகைபிடிக்கிற பழக்கம் உண்டாம்மா?”

“எனக்கா கண்ணு?”

“எல்லார்கிட்டயும் கேக்கணும்மா. வரிசையில முதல் கேள்வியே அதுதான்,” என்றாள் நிலோஃபர். திருச்சி ஆய்வு மையத்திலிருந்து வந்திருந்த பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கேட்டுவிட்டு அவளே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“நானும் புடிச்சதில்ல, எங்க ஊட்டுக்காரரும் புடிச்சதில்ல. டாக்டரு கேட்டாரு, நர்ஸம்மா கேட்டாங்க, பாக்க வந்த சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாமக் கேட்டாங்க. நுரையீரல்ல புத்துன்னா பீடிதான்னு எல்லாத்துக்கும் ஒரு முடிவு. நான் புடிச்சது பட்டித் தூசு. அத எழுதிக்குங்க.”

கரூர் பைபாஸ் சாலையில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் அவள் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். இரும்புச் சட்டத்தின் மேல் தகடு அடித்து, தகட்டின் மேடுபள்ளம் மறையப் பட்டி பூசி, அது காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்ப்பது அவள் வேலை. தேய்த்த இடத்தின் மேல் பெயின்ட் அடிப்பது மயில்சாமியின் வேலை. நடுவில் பேருந்துகள் எல்லாம் டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறின. இனிப் புகையே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பட்டறைக்குள் பறந்த தூசி எப்போதும் போலத்தான் பறந்தது.

நிலோஃபர் அவள் நெஞ்சில் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டினாள். நாணயம் அளவுதான் இருந்தது.

“இது எதுக்கு?”

“நீங்க பேசும்போது மூச்சு, நாடி, குரல்ல வர்ற நடுக்கம் எல்லாத்தையும் இது குறிச்சுக்கும். வாய் சொல்றதும் உடம்பு சொல்றதும் ஒத்துப்போகுதான்னு பாத்துக்கும்.”

“பொய் சொன்னாத் தெரிஞ்சுருமாக்கும்.”

“அப்படியும் சொல்லலாம்.”

“சரி, இதுல எனக்கு என்ன ஆகப்போகுது கண்ணு?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நிஜத்தச் சொல்லிடறேன். உங்களுக்குப் பின்னாடி இதே நோயோட வர்றவங்களுக்கு உதவும். இதோட வாழறதுன்னா எப்படியிருக்குன்னு எங்க யாருக்கும் சரியாத் தெரியாது. பட்டவங்க சொன்னாத்தான் உண்டு.”

அதற்காகத்தான் தனபாக்கியம் கையெழுத்துப் போட்டாள்.

பங்குனி மாத வெயிலில் ஆறு பிற்பகல்கள் தனபாக்கியத்தின் வீட்டில் பேச்சு நடந்தது. மூன்றாவது மருந்து ஏற்றி முடித்திருந்தாள். நாலாவது ஏற்ற வேண்டியது வரும் வியாழக்கிழமை. கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்பது எட்டு என்றும், ஐந்தாவது எட்டில் சுவரைப் பிடித்து நின்றாக வேண்டும் என்றும் சொன்னாள். தண்ணீர்கூட இரும்புச் சுவையாக இருப்பதைச் சொன்னாள். திருப்பூரிலிருந்து வந்து உடனிருக்கும் மகள் வினோதினி, ஒரு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. இவள் உட்கார்ந்தால் மகளும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தவாக்கில் தூங்கிவிடுகிறாள்.

மயில்சாமியைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். கூடப் பிறந்தவன் இல்லை, ஆனால் மருந்து ஏற்றும் நாளெல்லாம் அவன்தான் இரண்டு சக்கர வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான். வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாதென்று ஒரு துண்டால் அவளையும் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறான். “பாக்கறவங்க சிரிப்பாங்க, அவனுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. ‘அக்கா தேய்ச்சுக் குடுத்த தகட்டு மேலதான் நான் இத்தன வருசமா நல்ல பேரு வாங்குனேன்’னு சொல்லிட்டே ஓட்டுவான்.”

ஆறாம் நாள் கடைசிக் கேள்வி வந்தது. நிலோஃபர் அதைத் தாளைப் பார்த்து அப்படியே படித்தாள்.

“இதே நோய் உங்களுக்கு மீண்டும் வந்து, இதே சிகிச்சைதான் உண்டு என்றால், அதை ஏற்றுக்கொள்வீர்களா?”

தனபாக்கியம் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். பக்கத்து அறையில் வினோதினி சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

“எனக்குன்னா வேண்டாங்க. ஒருக்காப் பட்டது போதும். எம்புள்ள தூக்கத்தத் தின்னுட்டு நான் மூச்சு வாங்கிட்டுக் கெடக்கறதுக்கு, போயே சேந்தரலாம்.”

நிலோஃபரின் கையிலிருந்த திரையில் பச்சை விளக்கு எரிந்தது. வாய் சொன்னதும் உடம்பு சொன்னதும் ஒத்துப்போயிருந்தன.

*

அடுத்த மாதமே நிலைமை மாறிவிட்டது. கட்டியின் துணுக்கைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பொருந்துகிற மாத்திரை ஒன்று இருப்பதாக முடிவு வந்தது. தினம் இரண்டு வேளை. ஆடியில் இருமல் நின்றது. ஐப்பசியில் மாடிப்படி ஏறினாள். தைப் பொங்கலுக்குத் திருப்பூரில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள். பட்டறைப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், படுக்கை விரிப்பு மடித்துக் கட்டும் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போனாள்.

இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் வரவில்லை. ஆய்வு முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

மூன்றாம் வருடம் சித்திரையில் மயில்சாமிக்கு இருமல் கண்டது. பெயின்ட் வாசனை ஏறியிருக்கும் என்று இரண்டு மாதம் ஓட்டினான். பிறகு சளியில் ரத்தம் வந்தது. நாற்பத்தைந்து வயது. தனபாக்கியம்தான் கூடப் போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். அவளுக்குப் பொருந்திய மாத்திரை அவனுக்குப் பொருந்தவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற மருந்து ஒன்று உண்டு என்றும், காப்பீட்டு வாரியம் அனுமதித்தால் உடனே தொடங்கிவிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். அவளுக்கு மருந்து ஏற்றிய காலத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும். போன வருடத்திலிருந்து வாரியம் தனியாகப் பரிசீலித்துத்தான் அனுமதிக்கிறது.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. மயில்சாமியும் அவன் மனைவி கோமதியும் கடிதத்தோடு தனபாக்கியத்தின் வீட்டுக்கு வந்தார்கள்.

“அக்கா, நீதான் இந்தக் காயிதமெல்லாம் பாத்துப் பழகுன ஆளு. என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு. கடைசியில ‘இயலாது’ன்னு இருக்கறது மட்டும் எனக்குப் புரிஞ்சுது,” என்றான் மயில்சாமி.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

“விண்ணப்பதாரரின் நோய்நிலை, வயது, தொழில், வாழிடம் ஆகியவற்றுக்கு மிகவும் நெருங்கிய ஒன்பது நிகர்களிடம் கருத்துப் பெறப்பட்டது. அவற்றுள் ஏழு, இச்சிகிச்சையைத் தமக்கு ஏற்க விரும்பவில்லை. எனவே இச்சிகிச்சை விண்ணப்பதாரருக்கு நலம் பயக்கும் எனக் கருத இயலாது. முதன்மைப் பொருத்தம், நிகர் எண் 207. பெண். பேருந்துக் கூடு கட்டும் தொழில். கரூர் மாவட்டம்.”

“நிகருன்னா என்னங்க?” என்று கோமதி கேட்டாள்.

அடுத்த வரியில் தனபாக்கியத்தின் கண் நின்றுவிட்டது. நிகர் 207 தந்த விடையிலிருந்து ஒரு பகுதியைச் சான்றாக அச்சடித்திருந்தார்கள். கடிதம் முழுவதும் எழுத்துத் தமிழ். அந்த ஒரு வரி மட்டும் பேச்சுத் தமிழ்.

‘எம்புள்ள தூக்கத்தத் தின்னுட்டு நான் மூச்சு வாங்கிட்டுக் கெடக்கறதுக்கு, போயே சேந்தரலாம்.’

“படிக்கா,” என்றான் மயில்சாமி.

“மயிலு, இது நானு.”

“எது?”

“இந்த எரநூத்தி ஏழு. இது நாஞ்சொன்னது. அந்தத் திருச்சிப் புள்ள வந்து பேட்டி எடுத்துச்சில்ல, அப்பச் சொன்னது.”

அவன் கடிதத்தை வாங்கி அந்த வரியை மட்டும் விரலால் தடவித் தடவிப் படித்தான். கோமதிக்கு முகம் சிவந்துவிட்டது.

“உங்களுக்கு மருந்து ஏத்துனாங்க, மாத்திர குடுத்தாங்க, நீங்க பொழச்சுக்கிட்டீங்க. இவருக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டீங்களா அண்ணி?”

“கோமதி, சும்மா இரு. அக்கா என்ன பண்ணும்? கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்குது.” அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “அவ்வளவு கஷ்டமாவா இருந்துச்சுக்கா? வண்டியில வர்றப்ப எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லியே நீ,” என்றான்.

கோமதியின் ஏச்சைத் தாங்கிக்கொண்டவளுக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. எழுந்து சமையல் பக்கம் போய், காரியம் எதுவும் இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

*

மறுநாள் காலைப் பேருந்தில் திருச்சிக்குப் போனாள். நிலோஃபர் அந்த மையத்திலேயேதான் இருந்தாள், இப்போது தனி அறையோடு. தனபாக்கியத்தைக் கண்டதும் மலர்ந்த அவள் முகம், கடிதத்தைப் படிக்கப் படிக்க வாடியது.

“நிகர்னா என்ன கண்ணு? மொத அதச் சொல்லு.”

நிலோஃபர் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பேட்டி எடுத்தார்கள். ஒவ்வொருவர் பேச்சையும் மூச்சையும் நாடியையும் கொண்டு, கணினியில் அந்த ஆளைப் போலவே பதில் சொல்லும் ஓர் உரு செய்தார்கள். அதுதான் நிகர். பேட்டியில் கேட்காத கேள்வியைக்கூட அதனிடம் கேட்கலாம். அந்த ஆள் என்ன சொல்வாரோ அதையே சொல்லும்.

“நோயாளிகள மறுபடி மறுபடி போயித் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் பண்ணோம்மா. வலி எப்ப அதிகம், எந்த மருந்துக்குப் பயம், எதுக்கு அழறாங்கன்னு தெரிஞ்சா நர்ஸுங்களுக்குச் சொல்லித்தரலாமேன்னு நெனச்சோம். போன வருசம் வாரியம் எங்ககிட்டருந்து எல்லா நிகரையும் வாங்கிக்கிச்சு. மருந்து எல்லாருக்கும் குடுக்கற அளவு இல்ல. யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். ‘உன்ன மாதிரி ஆளுங்களே வேண்டாம்னு சொல்றாங்க’ன்னா அதவிட நல்ல காரணம் ஏது?”

“நீ ஒண்ணும் சொல்லலியா?”

“கடிதம் எழுதுனேன். ரெண்டு எழுதுனேன். அப்புறம் எழுதல.”

தனபாக்கியம் அதற்கு மேல் அவளைக் குடையவில்லை. “என்னுத அழிச்சுரு,” என்றாள்.

“பேர நீக்கிட்டு எண் குடுத்தப்புறம் திரும்பப் பெற முடியாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கோம்மா.”

“அப்ப மறுபடி பேட்டி எடு. நான் இப்ப நல்லாயிருக்கேன். பேத்தியத் தூக்கிட்டு நடக்கறேன். அதையும் சேத்து எழுதிக்க.”

“அதையும் கேட்டுப் பாத்தேன். நலமானவங்க வலிய மறந்துடுவாங்களாம். நோயோட இருக்கும்போது சொன்னது மட்டும்தான் செல்லும்னு விதி போட்டிருக்காங்க.”

சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தனபாக்கியம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த எரநூத்தி ஏழு இருக்காளே, அவகூட நான் பேசலாமா?” என்றாள்.

நிலோஃபர் தயங்கினாள். அப்படி யாரும் இதுவரை பேசியதில்லை. பேசக் கூடாது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தாள். முகம் எதுவும் தெரியவில்லை. திரையில் மூச்சுக்கு ஒரு கோடு, நாடிக்கு ஒரு கோடு. எண்ணை அழுத்தியதும் இழுத்து இழுத்து வாங்கும் மூச்சுச் சத்தம் அறையில் கேட்டது. தனபாக்கியத்தின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும்.

“யாருங்க?” என்றது குரல்.

“நாந்தான்... தனபாக்கியம்.”

“எம்பேரும் அதானுங்க.” மூச்சு. “ஆசுபத்திரியில இருந்தா வர்றீங்க?”

“ஆமா. எப்படியிருக்கீங்க?”

“என்னத்தச் சொல்றது. மூணு ஏத்தியாச்சு. நாலாவது வியாழக்கிழமெ. அத நெனச்சாலே கொமட்டுது.”

“அதோட முடிஞ்சுரும். அப்புறம் மாத்திர தருவாங்க. இருமல் நின்னுரும். தைக்குள்ள பேத்தியத் தூக்கிட்டு நிப்பீங்க. நெசமாச் சொல்றேன்.”

“எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லிட்டுப் போறாங்க. நல்ல வார்த்த சொல்றதுக்குக் காசா பணமா.”

தனபாக்கியத்துக்குக் கோபம் வந்தது. அந்த நாளில் தேற்ற வந்த ஒவ்வொருவரிடமும் தான் இதைத்தான் சொன்னோம் என்பது ஞாபகம் வந்தது. கட்டிலில் கிடந்த அந்தத் தனபாக்கியத்துக்கு எந்த நல்ல செய்தியையும் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. நாலாவது மருந்து அவளுக்கு வரப்போவதில்லை. மாத்திரையும் வரப்போவதில்லை.

“மறுபடி இந்த நோவு வந்தா, மருந்து ஏத்திக்குவீங்களா?”

“வேண்டாங்க. எனக்குன்னா வேண்டாம்.”

திரையில் பச்சை விளக்கு.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன கெடக்குது? அந்தப் புள்ளயப் பாருங்க, சொவத்துல சாஞ்சுட்டே தூங்குது. எனக்குன்னா வேண்டாங்க.”

நிலோஃபர் நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள். தனபாக்கியம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குன்னா, எனக்குன்னான்னு சொல்றா பாரு. மத்தவங்களுக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா?”

“இல்லம்மா. அந்தக் கேள்வி பட்டியல்ல இல்ல.”

தனபாக்கியம் பெட்டியின் பக்கம் குனிந்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மயில்சாமிக்கு இந்த நோவு வந்துருக்குது.”

மூச்சுக் கோடு நின்றது. நாடிக் கோடு குதித்தது.

“எந்த மயில்சாமி?”

“பெயின்ட் அடிக்கற மயில்சாமி.”

“எங்க மயிலுக்கா?” இருமல் கேட்டது. இருமலுக்கு நடுவே அழுகை கேட்டது. “அவனுக்கா? எப்பிடிங்க? போன வாரங்கூட என்ன இடுப்போட கட்டிட்டுக் கூட்டிட்டுப் போனானே. அவன் நல்லாத்தான இருந்தான். என்னப் பாத்துப் பாத்து அவனுக்கு ஒட்டிக்கிச்சா? நான் தேய்ச்ச தூசா?”

தனபாக்கியமும் அழுதுகொண்டிருந்தாள். “மருந்து ஏத்தினா அவன் பொழைக்கலாம். குடுக்கலாமான்னு யோசிக்கறாங்க. அவனுக்குக் குடுக்கலாமா?”

“என்ன கேள்விங்க இது? குடுங்க! மொத அவனுக்குக் குடுங்க. பயந்தான்னா நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஐயோ, யாருங்க யோசிக்கறது? யோசிச்சுட்டு உக்காந்திருந்தா ஆச்சா? குடுக்கச் சொல்லுங்க.”

பச்சை விளக்கு எரிந்தது. முன்பு எரிந்ததைப் போலவே, அணையாமல்.

நிலோஃபர் பெட்டியை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “மத்தவங்களுக்காகக் கேட்டா மனுசங்க தங்கள நல்லவங்களாக் காட்டிக்குவாங்கன்னு வாரியம் சொல்லுச்சு. தனக்குன்னு கேட்டாத்தான் நிஜம் வரும்னாங்க.”

“எனக்கு வேண்டாம்னதும் நெசந்தான். அவனுக்குக் குடுங்கறதும் நெசந்தான். உம்பட மெசினே சொல்லுதே.”

“சொல்லுதும்மா.” நிலோஃபர் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். “இன்னிக்கே மேல்முறையீடு எழுதறேன். அதோட, மிச்சமிருக்கற முந்நூத்திப் பதினோரு பேர்கிட்டயும் இதக் கேக்கறேன். யாரும் சொல்லாமயே கேக்கறேன்.”

“எல்லாரும் அழுவாங்களே கண்ணு.”

“அதுங்களுக்கு வலிக்காதும்மா. அது கணக்கு மட்டும்தான்,” என்றாள் நிலோஃபர். சொல்லும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை.

*

மேல்முறையீடு ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டது. முதலில், அது உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு, பட்டியலில் இல்லாத கேள்விக்குப் பெற்ற விடை செல்லுமா என்று சட்டப் பிரிவைக் கேட்டார்கள். நிலோஃபர் வாரம் இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்தாள். அவளுடைய தனி அறையை இதற்கிடையில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மயில்சாமி மெலிந்துகொண்டே போனான். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு முறை ஊசி போட்டு எடுத்தார்கள். தனபாக்கியம் கம்பெனி வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்விடுவாள். கோமதி முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வாரம் ஒருநாள், அவனைத் தூக்கி உட்கார வைக்கத் தனியாக முடியாமல், “அண்ணி, அந்தப் பக்கம் புடிங்க,” என்றாள். அதன் பிறகு பேச்சு தானாக வந்தது.

ஒருநாள் மாலை கோமதி கடைக்குப் போயிருந்தாள். மயில்சாமி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவ என்னப் பத்திப் பேசுனாளாமே. கோமதி சொன்னா. என்ன சொன்னா?”

“உனக்கு மருந்து குடுக்கச் சொன்னா.”

“அப்படியே சொல்லு. அவ சொன்ன மாதிரி.”

தனபாக்கியம் வார்த்தை மாறாமல் சொன்னாள். பயந்தான்னா நான் பக்கத்துல உக்காந்துக்கறேன் என்கிற இடம் வந்ததும் அவன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான்.

“பயமாத்தான் இருக்குதுக்கா. கோமதிகிட்ட சொல்ல முடியல.”

“எங்கிட்டச் சொல்லு.”

அவன் சொன்னான். செத்துப்போவதைவிட மூச்சு கிடைக்காமல் தவிக்கப் போவதுதான் பயம் என்றான். தூக்கத்தில் பெயின்ட் துப்பாக்கியை யாரோ தன் வாய்க்குள் வைத்து அழுத்துவது போலக் கனவு வருகிறது என்றான். மூத்த மகன் கல்லூரியை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வருகிறேன் என்கிறான், எக்காரணம் கொண்டும் விடாதே என்றான். நடுநடுவே நிறுத்தி, வெகுநேரம் சொன்னான். பேட்டியில் ஆறு நாள் தான் பேசியதெல்லாம் தனபாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது. அவனிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் வார முடிவில் அனுமதி வந்தது. ‘சிறப்பு நேர்வு, முன்னுதாரணம் ஆகாது’ என்று எழுதியிருந்தார்கள். மருத்துவமனையில் அன்றே மருந்தை ஏற்றினார்கள். தனபாக்கியம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது முறை ஏற்றும் நாளுக்கு முன்பே காய்ச்சல் கண்டது. உடம்பு தாங்கும் நிலையைக் கடந்துவிட்டது என்றும், ஆறேழு வாரம் முந்தி வந்திருந்தால் வேறு விதமாக இருந்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். ஐப்பசி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மயில்சாமி இறந்துபோனான். அவன் பயந்தபடி கடைசியில் ரொம்பத் தவித்தான். கோமதி ஒரு பக்கமும் தனபாக்கியம் ஒரு பக்கமும் பிடித்திருந்தார்கள்.

பட்டறையில் அன்று வேலை நிறுத்தினார்கள். அவன் கடைசியாக அடித்த பேருந்து மதுரைப் பக்கம் ஏதோ தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

*

காரியம் முடிந்த மறுவாரம் நிலோஃபர் கரூருக்கு வந்தாள். முதலில் கோமதியைப் பார்த்துவிட்டு, பிறகு தனபாக்கியத்தின் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

“எல்லார்கிட்டயும் கேட்டேம்மா. உங்களோடதும் சேத்து முந்நூத்திப் பன்னெண்டு.”

“எத்தன பேரு குடுக்கச் சொன்னாங்க?”

“முந்நூத்திப் பன்னெண்டு பேரும்.”

தனபாக்கியம் அவளையே பார்த்தாள்.

“தனக்கு வேண்டாம்னு சொன்ன நூத்தி எம்பது பேரும், அடுத்தவங்களுக்குன்னா குடுங்கன்னாங்க. ஒருத்தர் பாக்கியில்ல. முன்ன பின்ன தெரியாத ஆளுக்குன்னு கேட்டாலும் அதே பதில்தான். எல்லாத்துக்கும் பச்சை. இனிமே இந்தக் கேள்வியையும் சேத்துக் கேளுங்கன்னு வாரியத்துக்கு அனுப்புனேன். அதுக்கு வந்த பதில் இது.”

தாளை நீட்டினாள். மூன்றே வரிதான் இருந்தது.

‘அனைத்து நிகர்களும் ஒரே விடையைத் தந்துள்ளன. ஆகவே விண்ணப்பதாரர்களை வேறுபடுத்திப் பார்க்க இக்கேள்வி பயன்படாது. கேள்விப் பட்டியலில் சேர்க்க இயலாது.’

தனபாக்கியம் இரண்டு முறை படித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். திட்ட வேண்டும் போலிருந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

“நான் வேலைய விட்டுட்டேம்மா,” என்றாள் நிலோஃபர். “பேட்டி குடுத்தவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போகப்போறேன். உயிரோட இருக்கறவங்க அறுபத்தி மூணு பேரு. அவங்க சொன்னத என்ன பண்றாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். கோர்ட்டுக்குப் போறதா இருந்தா அவங்கதான் போக முடியும். முதல்ல உங்க வீடு.”

“எங்க கையெழுத்துப் போடணும்?”

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா. போன தடவ நான் சரியாப் படிச்சுக் காட்டல.”

தனபாக்கியம் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். புரியாத இடங்களில் நிறுத்திக் கேட்டாள். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அவகிட்ட இன்னுமும் கேட்டுட்டுத்தான் இருக்காங்களா?”

“ஆமாம்மா. நான் கெளம்பற அன்னிக்கு மட்டும் பதினோரு விண்ணப்பத்துக்கு உங்க நிகரக் கேட்டிருந்தாங்க. பதினொண்ணுக்கும் வேண்டாம்தான்.”

“அன்னிக்கு நாம மயிலப் பத்திச் சொன்னமே. அழுதாளே. அதெல்லாம் அவளுக்கு நெனப்பு இருக்குமா?”

“இருக்காதும்மா. ஒவ்வொரு தடவ நிறுத்தினதும் பழைய எடத்துக்கே போயிடும். அந்தப் பங்குனி மாசத்துக்கு.”

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்களின் சத்தம் கேட்டது. தனபாக்கியம் பேனாவை மூடி அவளிடம் கொடுத்தாள்.

“அப்ப அவளுக்கு மயிலு நல்லாத்தான் இருக்கான்,” என்றாள். “கோர்ட்ல விசாரணைன்னு வந்து, அவகிட்ட மறுபடி ஏதாச்சும் கேட்டாக் கேட்டுக்கட்டும் கண்ணு. மயிலு சேதி ஒண்ண மட்டும் யாரும் சொல்லிராதீங்க.”